யார் சொன்னால் ஆலை கேட்கும்? வேலூர்த் தோல் தொழில் காட்டும் கணக்கு

1989 டிசம்பரில், பெர்லின் சுவர் விழுந்த மறு மாதம், மேற்கு ஜெர்மனி ஒரு தடை ஆணையைக் கொண்டுவந்தது. பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லி, விற்பனைக்கு வரும் பொருள்களில் கிலோவுக்கு ஐந்து மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஈரத்தோலில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் அன்றாடம் புழங்கிய மருந்து அது. ஜெர்மனியோ தமிழ்நாட்டுத் தோலுக்குப் பெரிய சந்தை. சரக்கு துறைமுகத்திலிருந்தே திரும்பிவிடும் என்ற பயம் வந்ததும் வேலை மளமளவென்று நடந்தது. அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று மருந்துகளுக்கு வழிகாட்டியது, ஆலைகள் வாங்கும் ரசாயனங்களை மாற்றின, 1991-இல் மத்திய அரசே அந்த மருந்துக்குத் தடை போட்டது. இரண்டே ஆண்டுகள்.

அதே 1991-இல்தான் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. தோல் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் விளைநிலத்தையும் கெடுக்கிறது என்பது மனு. தீர்ப்பு வர ஐந்து ஆண்டுகள் ஆயின. அந்தத் தீர்ப்பு வழியே வரவேண்டிய இழப்பீட்டுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

இரண்டும் ஒரே வட்டாரத்து ஆலைகள், ஒரே முதலாளிகள், ஒரே ரசாயனக் கிடங்குகள். ஒரு நஞ்சு ஜெர்மானியரின் காலைத் தொட்டது, இன்னொரு நஞ்சு பாலாற்றங்கரை விவசாயியின் கிணற்றைத் தொட்டது. முன்னதற்கு இரண்டு ஆண்டு, பின்னதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல். கொள்கைப் பிடிப்பும் போராட்டமும் நிறுவனங்களின் போக்கை மாற்றும் என்று பொதுவாகச் சொல்கிறோம். மாற்றுகின்றன. ஆனால் எந்தக் கொள்கை, யாருடைய போராட்டம், ஆலையின் எந்த இடத்தில் போய் முட்டுகிறது என்பதைப் பொறுத்தே அது நடக்கிறது. வேலூரும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் அடங்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்தைவிட இதைத் தெளிவாகக் காட்டும் இடம் தமிழ்நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஜெர்மனிக் கதையை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். அங்கே பசுமைக் கட்சி 1983-இல் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. அணு எதிர்ப்பு, காடு காப்பு, ரசாயன எதிர்ப்பு என்று தெருவில் நின்றவர்கள் அவர்கள். 1986-இல் செர்னோபில் அணுவுலை வெடித்தது. ஆனால் 1989-இல் தடை ஆணை போட்டது பசுமைக் கட்சி அல்ல. அப்போது ஆண்டது ஹெல்முட் கோல் தலைமையிலான வலதுசாரிக் கூட்டணி. எதிர்க்கட்சி வரிசையில் சில இருக்கைகள் மட்டுமே வைத்திருந்த ஓர் இயக்கம், ஆளும் கட்சியையே தன் மொழியில் பேச வைத்திருந்தது. ஓர் அரசியல் சித்தாந்தத்தின் பெரிய வெற்றி என்று நான் கருதுவது இதைத்தான்: தான் ஆட்சிக்கு வராமலே, எதிராளியின் கையால் தன் சட்டத்தை எழுத வைப்பது. 1994-இல் அதே அரசு சில வகை அசோ சாயங்களுக்கும் தடை விதித்தது. 1997-இல் இந்தியாவும் அத்தகைய சாயங்களைத் தடுத்தது. ஜெர்மனியின் தெருவில் நடந்த ஊர்வலத்தின் அதிர்வு பேர்ணாம்பட்டின் சாய உருளை வரை வந்து சேர்ந்தது.

இங்கே நம் அரசின் சித்தாந்தம் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கதையின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1970-களின் தொடக்கம் வரை இந்தப் பகுதி பெரும்பாலும் பாதி பதனிட்ட தோலையே ஏற்றுமதி செய்தது. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோல் அது, உலகச் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' என்று பெயர் வாங்கியிருந்தது. மூலப்பொருளை அனுப்பிவிட்டு முடித்த பொருளை விலைகொடுத்து வாங்குவது காலனியக் காலத்துப் பழக்கம், அதை உடைக்க வேண்டும் என்பது அன்றைய தற்சார்புக் கொள்கை. 1972-இல் மத்திய அரசின் சீதாராமையா குழு இதையே பரிந்துரைத்தது. பச்சைத்தோல் ஏற்றுமதி தடைப்பட்டது, பாதி பதனிட்ட தோலுக்குக் கட்டுப்பாடு வந்தது, முழுத்தோலும் ஷூவும் செய்பவர்களுக்கு ஊக்கம் கிடைத்தது.

நியாயமான கொள்கைதான். ஆயிரக்கணக்கானோருக்கு, அதிலும் பெண்களுக்கு, ஆம்பூர் வட்டாரத்தில் மாதச் சம்பளம் வந்தது அதன் வழியாகத்தான். ஆனால் முழுத்தோல் என்றால் தோலைப் பதப்படுத்தும் குரோம் உப்பு, சாயம், பூச்சு, எண்ணெய் என்று ரசாயனங்களின் நீண்ட வரிசை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பே தோல் பதனிடுதலில் சுமார் 170 வகை ரசாயனங்கள் புழங்குவதாகவும், ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாகவும் குறிப்பிடுகிறது. அதே காலத்தில் ஐரோப்பாவில் சுற்றுச்சூழல் சட்டம் இறுக இறுக, தோலின் அழுக்கு வேலை தெற்கு நாடுகளுக்கு நகர்ந்தது. டெல்லியின் தற்சார்பும் ஐரோப்பாவின் பசுமையும் பாலாற்றங்கரையில் வந்து சந்தித்துக்கொண்டன. வெளியேறும் கழிவுநீருக்கு என்ன வழி என்று அந்த இரண்டு கொள்கைகளிலும் ஒருவரும் கேட்கவில்லை.

எல்லோரும் குரோமைப் பற்றியே பேசுகிறார்கள். பாலாற்றங்கரையை அதிகம் கெடுத்தது உப்பு. அறுத்த மாட்டின் தோல் அழுகாமல் மண்டிக்கு வந்து சேர அதன்மேல் கைநிறையக் கல்லுப்பைக் கொட்டிப் பரப்புவார்கள். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகவே உப்பு போகும். ஆலைக்கு வந்ததும் முதல் வேலை, அதை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவி எடுப்பது. அப்புறம் சுண்ணாம்புக் குழி, மயிர் நீக்கம், சதை சீவுதல், அமிலமும் உப்பும் சேர்ந்த குளியல், பிறகுதான் குரோம். குரோமைக் கழிவுநீரிலிருந்து படியவைத்து மீட்டு மறுபடி பயன்படுத்தலாம். கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். உப்பை எந்த நுண்ணுயிரும் தொடாது. தெளிந்த நீராக வெளியே வந்தாலும் அது உப்பு நீரே.

வாணியம்பாடியிலிருந்து ஆற்காடு வரை ஆற்றை ஒட்டிய கிராமங்களில் இறங்கிப் பேசினால், விவசாயிகள் ஆய்வக எண்களைச் சொல்வதில்லை. சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை, தென்னையின் குருத்து சிறுத்துக்கொண்டே போகிறது என்பார்கள். மோட்டாரைப் போட்டால் வரப்பில் தண்ணீர் ஓடிய தடம் காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கிறது. நெல்லும் கரும்பும் போட்ட நிலத்தில் உப்பைத் தாங்கும் தீவனப்புல்லைப் போட்டுவிட்டு, குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கும் வீடுகள் அங்கே எத்தனையோ. கிணறு சொந்தமாக இருந்தும் தண்ணீர் விலைக்கு வாங்குவது ஒரு விவசாயிக்கு எவ்வளவு பெரிய இறக்கம் என்பது கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் தூண்களில் ஒன்று. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கேடு விளையும் என்று முழு அறிவியல் உறுதி கிடைக்கும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் இந்த நாட்டின் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. இன்று நாடெங்கும் எந்த ஆற்று வழக்கிலும் வழக்கறிஞர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது வேலூர் வழக்கைத்தான். ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதென்ற வேளாண் பல்கலைக்கழக வேலூர் ஆராய்ச்சி மையத்தின் கணிப்பு அதில் பதிவாகியிருக்கிறது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இழப்பீட்டைக் கணக்கிட ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கவும், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு ஒன்றை ஏற்படுத்தவும் அது வழி செய்தது.

அபராதம் விதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெயர்களை அந்தத் தீர்ப்பில் வாசிக்கும்போது மனம் கனக்கிறது. வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். தமிழ்நாட்டு அரசியலின் எல்லாப் பெரிய பெயர்களும் மாவட்டப் பலகையில் இருந்தன. கிணற்றுத் தண்ணீர் அந்தப் பெயர்களில் எதனுடைய வாரிசுகளுக்கும் முதல் கோரிக்கையாக இருக்கவில்லை. காரணம் புரியாததல்ல. வட்டாரத்தின் பெரும் வேலைவாய்ப்பு தோல்தான். ஆலை முதலாளிகளில் பலர் தலைமுறைகளாகத் தொழில் நடத்திவரும் தமிழ் முஸ்லிம் குடும்பத்தினர், ஆலைக்குள் குழியில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், கிணறு கெட்டவர்களோ மற்ற சாதிகளைச் சேர்ந்த சிறு விவசாயிகள். எந்தக் கட்சி வாயைத் திறந்தாலும் ஒரு பக்கத்து வாக்கு போகும். ஆலையை மூடு என்றால் தொழிலாளி எதிரே வந்து நிற்பார். அதனால் தேர்தல் மேடையில் பேச முடியாததை நீதிமன்றத்திடம் தள்ளிவிட்டுக் கட்சிகள் ஒதுங்கிக்கொண்டன. நீதிமன்றம் உத்தரவு போடும். ஆனால் அதை நிறைவேற்றும் வருவாய் அலுவலரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலரும் அதே கட்சிகளின் அரசுக்குக் கீழேதான் வேலை பார்க்கிறார்கள்.

ஆணையம் உட்கார்ந்து கணக்குப் போட்டு 2001 மார்ச்சில் முடிவு சொன்னது. வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், பொறுப்பான ஆலைகள் 547, தரவேண்டிய இழப்பீடு சுமார் 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். 1991 முதல் 1998 வரை நிலமும் நீரும் கெட்டதற்கான விலை அது. அந்தத் தொகைக்கும் மேல்முறையீடு, தவணை, இழுபறி. அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் கேட்டுக்கு யார் கணக்குப் போடுவது என்ற கேள்வி அப்படியே நின்றது.

எதுவுமே மாறவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். மூடல் உத்தரவுக்குப் பயந்து ஆலைகள் ஒன்றுசேர்ந்து வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை எங்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின. கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் எட்ட முடியவில்லை. உயர் நீதிமன்றத்தின் அழுத்தத்துக்குப் பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாமல் சவ்வு வழியாக வடிகட்டி, மீதியைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் முறைக்குப் பல நிலையங்கள் மாறின. தோல் உலகில் இது பெரிய பாய்ச்சல், வேறெங்கும் அவ்வளவு எளிதில் காணக் கிடைக்காதது. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பு மட்டும் வாங்க ஆளில்லாமல் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் குவிகிறது.

இந்தச் செலவு எல்லாம் யார் தலையில் விழுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜெர்மனிக் கடையில் ஷூ விலை அதற்காக உயரவில்லை. செலவைச் சமாளிக்க முடியாத சிறு தோல் ஆலைகள் மூடின அல்லது பெரிய ஆலைக்குக் கூலிக்குப் பதனிடும் நிலைக்கு வந்தன. செலவைக் குறைத்த இடங்களில் உயிர் போனது. 2015 ஜனவரி இறுதியில் ஒரு நள்ளிரவில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுற்றுச்சூழலைக் காக்கக் கட்டிய நிலையத்தின் தொட்டியே அவர்களைக் கொன்றது.

அதே ராணிப்பேட்டையில், தோலுக்கு வேண்டிய குரோம் உப்பைத் தயாரித்துவந்த ஓர் ஆலை மூடிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அது விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு இன்னும் ஊரின் தலைமேல் இருக்கிறது. மழை பெய்தால் மஞ்சள் நீர் கசிகிறது. மூடிய ஆலைக்கு இழக்க ஆர்டரும் இல்லை, புதுப்பிக்க உரிமமும் இல்லை. அதை அசைக்க எந்த இயக்கத்திடமும் பிடி இல்லை.

இப்போது பொருளை வாங்குபவரின் பக்கம். 2005-இல் பெரிய காலணி நிறுவனங்களும் தோல் உற்பத்தியாளர்களும் சேர்ந்து தோல் ஆலைகளைத் தணிக்கை செய்து தரம் பிரிக்கும் அமைப்பொன்றை உருவாக்கினார்கள். 2009-இல் கிரீன்பீஸ், அமேசான் காட்டை அழித்து வளர்த்த மாட்டின் தோல் பிரபலமான ஷூக்களில் இருப்பதாக அம்பலப்படுத்தியதும், தோல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்க்கும் வழக்கம் அதில் வலுப்பெற்றது. 2013-இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். தொழிற்சங்கங்களும் நுகர்வோர் இயக்கங்களும் விடாமல் கேட்டதன் விளைவாக, 2023 முதல் ஜெர்மனியில் பெரிய நிறுவனங்கள் தமக்குப் பொருள் தரும் வெளிநாட்டு ஆலைகளின் மனித உரிமை நிலைமைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தோல் பொருளில் குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறிணைதிறன் குரோமியம் கிலோவுக்கு மூன்று மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற ஐரோப்பிய விதி 2015 முதல் அமலில் இருக்கிறது.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ தைக்கும் தொழிற்சாலைகளில் இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். காலையில் கம்பெனிப் பஸ்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்களை அள்ளிக்கொண்டு வருகின்றன. வாசலில் குறைந்தபட்சக் கூலி, வேலை நேரம், புகார்ப் பெட்டி பற்றிய பலகை தமிழில் தொங்குகிறது. பசை தடவும் மேசைக்கு மேல் காற்றை உறிஞ்சும் குழாய், அவசர வழியில் மஞ்சள் கோடு. இவை ஒவ்வொன்றும் எங்கோ நடந்த ஒரு தீவிபத்து, ஒரு போராட்டம், ஒரு பத்திரிகைச் செய்தி வழியே வந்து சேர்ந்தவை. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் குழாய் இல்லாத மேசையில் பசை வாடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் தணிக்கையாளரின் கண் தொழிற்சாலை மதிலோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கும் வேலை வீடுகளுக்குப் போகிறது. ஊசியும் மெழுகு நூலும் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து தைக்கும் பெண்ணுக்கு ஜோடிக்குச் சில ரூபாய்தான் கூலி. இடைத்தரகர் கொண்டுவந்து போட்டு எண்ணி எடுத்துப் போகிறார். தைக்கும் பெண்ணுக்கு இஎஸ்ஐ இல்லை, பிஎஃப் இல்லை, பலகையில் எழுதிய சட்டம் எதுவும் அந்தத் திண்ணைக்கு வருவதில்லை. அந்தப் பெண் தைத்த ஷூ மட்டும் எல்லாச் சோதனையிலும் தேறி ஐரோப்பாவுக்குப் போகிறது.

வாங்குபவரை அசைக்கும் கொள்கை எப்போதும் தொழிலாளிக்கோ விவசாயிக்கோ சாதகமாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2000-இல் விலங்குரிமை அமைப்பான பீட்டா, இந்தியாவில் மாடுகளை லாரிகளில் கொடுமையாக ஏற்றிச் செல்வதைக் காட்டி இயக்கம் நடத்தியது. கேப், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் போன்ற நிறுவனங்கள் இந்தியத் தோலை வாங்க மாட்டோம் என்று அறிவித்தன. 2017-இல் மத்திய அரசு, சந்தையில் மாடுகளை அறுப்புக்கு விற்கத் தடை விதித்து விதிகள் கொண்டுவந்தது. அந்த விதிகளுக்கு முதல் இடைக்காலத் தடை மதுரையிலிருந்து, உயர் நீதிமன்றக் கிளையிலிருந்துதான் வந்தது. அடுத்து உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் விரித்தது. லண்டன் கடைக்காரரும் டெல்லி ஆட்சியாளரும் வேறு வேறு காரணங்களுக்காக மாட்டைப் பற்றிப் பேசினார்கள். இரண்டு முறையும் வேலை போகுமோ என்று கலங்கியவர் பேர்ணாம்பட்டில் சதை சீவிக்கொண்டிருந்த தொழிலாளி.

நீதிமன்றத்துக்கும் வாங்குபவருக்கும் அடுத்து, வாக்கு என்ற மூன்றாவது பிடி வேலை செய்ததற்கும் ஓர் அண்மைச் சான்று இருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று, ஒரு நாள் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழி செய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. மின்னணு, தோல் அல்லாத காலணித் துறைகள் போன்றவற்றுக்கு இந்த நெகிழ்வு வேண்டும் என்பது அரசின் வாதம். அன்றைய ஆளும் கட்சியான திமுகவின் தோழமைக் கட்சிகளான கம்யூனிஸ்டுகளும் விடுதலைச் சிறுத்தைகளும் வெளிநடப்புச் செய்தார்கள். தொழிற்சங்கங்கள் எழுந்தன. மூன்றே நாளில் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். எட்டு மணி நேர வேலை என்பது தமிழகக் கட்சிகள் எல்லாம் மேடையில் போற்றும் கொள்கை என்பதால் அதை மீறுவதன் விலை உடனே தெரிந்தது. பாலாற்றுக்கு அந்த மேடை இன்னும் கிடைக்கவில்லை. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தோல் அல்லாத காலணி ஆலை பெருமளவில் எழும்பும் இந்த நேரத்தில், அந்த ஏப்ரல் மாதத்தை அங்கே வேலைக்குச் சேரப் போகும் பெண்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

2025 ஜனவரி 30 தீர்ப்பில் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு ஆறு வாரத்துக்குள் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழுவும் அமைக்கச் சொன்னார்கள். நல்ல தீர்ப்பு. 1996 தீர்ப்பும் நல்ல தீர்ப்புத்தான். இம்முறை அது ஏட்டோடு நிற்காமல் இருக்க, நீதிமன்றப் பிடியையும் வாங்குபவரின் பிடியையும் ஒன்றாக இறுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஐரோப்பிய நிறுவனம் இன்று ஆலையிடம் ரசாயனச் சான்று கேட்கிறது, கழிவுநீர் அளவு கேட்கிறது, தோல் வந்த வழி கேட்கிறது. இழப்பீட்டில் உன் பங்கைக் கட்டிவிட்டாயா, ரசீது எங்கே என்று கேட்பதில்லை. பொறுப்பான ஆலைகள் இவை என்று ஆணையம் கணக்கிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கணக்கை ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் எழுதி, ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் சரக்கு எடுக்கும் ஒவ்வொரு நிறுவனத்தின் கொள்முதல் அலுவலகத்துக்கும் அனுப்பும் வேலையை விவசாய அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்தே செய்யலாம். வீட்டில் தைக்கும் பெண்களின் கூலிப் பட்டியலையும் அதே உறைக்குள் வைக்க வேண்டும்.